வேதத்தில் இல்லாத திருநாளா? வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம்

டிசம்பர் மாதம் நெருங்கினால் ஒரு செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவத் தொடங்கிவிடும். “கிறிஸ்துமஸ் வேதத்திலேயே இல்லை, அது பழைய உரோமரின் சூரிய விழா” என்பது அதன் சாரம். மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் அதன் தம்பி வந்து சேரும்: “ஈஸ்டர் என்பது ஒரு பெண் தெய்வத்தின் பெயர்.” இவற்றை அனுப்புவோரில் இரு சாரார் உண்டு. ஒரு சாரார் கிறிஸ்தவரல்லாதார். அண்டை வீட்டார் பொய்யைக் கொண்டாடுகிறார்கள் என்பதில் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி. மறு சாரார் கிறிஸ்தவர்களே. தங்கள் சபை கொண்டாடாத நாளை இன்னொரு சபை கொண்டாடுகிறதே என்பதில் அவர்களுக்கு ஒரு சினம்.

இச்செய்தி கைப்பேசியோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இருந்திராது. அது ஆசிரியர் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்து வகுப்பறைக்கும் போய்விட்டது. “உங்கள் பைபிளிலேயே இல்லையாமே?” என்று பத்து வயதுப் பிள்ளையிடம் ஆசிரியரே கேட்டால் அப்பிள்ளை என்ன விடை சொல்லும்? தலையைக் குனிந்துகொள்ளும். அவ்வளவுதான். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியருள் நூற்றுக்கு ஆறு பேர் கிறிஸ்தவர். முப்பது மாணவர் கொண்ட ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பில் இருவர் இருப்பர் என்று கொள்ளலாம். அவ்விருவருக்காகவே இதனை எழுதுகிறேன்.

நான் கிறிஸ்தவனல்லன், தமிழாசிரியன். கருத்துணர்தல் பாடத்தில் மாணவருக்கு நாம் சொல்லும் முதல் அறிவுரை, பகுதியைப் படிக்காமல் விடை எழுதாதே என்பதாகும். மாணவருக்கு ஒரு நீதி, ஆசிரியருக்கு ஒரு நீதியா? கத்தோலிக்கர் விவிலியம் என்பதையும் சீர்திருத்தச் சபையார் வேதாகமம் என்பதையும் நாமும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்.

மூன்று கேள்விகள், ஒரே கேள்வி அல்ல

“வேதத்தில் இருக்கிறதா?” என்று கேட்பவர், தம்மை அறியாமலே மூன்று கேள்விகளை ஒன்றாகக் கலந்து கேட்கிறார். அந்நிகழ்ச்சி வேதத்தில் இருக்கிறதா? அந்த நாள் வேதத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா? அதைக் கொண்டாடும் முறை வேதத்தில் கட்டளையிடப்பட்டிருக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றும் மற்றொன்றுக்கு ‘இல்லை’ என்றும் விடை வரலாம்.

நம் வீட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தைப்பூசம் தேவாரத்தில் உண்டு. திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகம் அதைப் பெயர் சொல்லியே பாடுகிறது. ஆனால், பத்துமலைப் படிகளில் காவடி எடுக்க வேண்டுமென்று எந்தத் தேவாரமும் கட்டளையிடவில்லை. அங்கு 1892 முதல் மக்கள் தாமாகவே எடுத்து வருகிறார்கள். இனி, தைப்பொங்கலை எந்த வேதம் கட்டளையிட்டது? உழவன் கொண்டாடினான், தமிழினம் தொடர்ந்தது. “உங்கள் வேதத்தில் பொங்கல் இல்லையே, ஏன் பானை வைக்கிறீர்கள்?” என்று எவரேனும் நம் பிள்ளையை வகுப்பில் நிறுத்திக் கேட்டால் நாம் பொறுத்துக்கொள்வோமா? நமக்குப் பொருந்தாத அளவுகோலை அடுத்தவர் மேல் வைப்பது அறமாகாது.

கிறிஸ்துமஸ்: நிகழ்ச்சி உண்டு, நாள் இல்லை

இயேசுவின் பிறப்பை நான்கு நற்செய்திகளுள் இரண்டே கூறுகின்றன. மத்தேயு ஞானிகளைப் பற்றிச் சொல்கிறார். லூக்கா தீவனத் தொட்டியையும், இரவில் மந்தை காத்த இடையரையும் சொல்கிறார். மாற்கு, இயேசு வளர்ந்து திருமுழுக்குப் பெறுவதிலிருந்துதான் தொடங்குகிறார். யோவான் படைப்புக்கு முந்திய காலத்திலிருந்து தொடங்குகிறார். இவர்களுள் எவரும் மாதத்தையோ தேதியையோ சொல்லவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. படித்த கிறிஸ்தவர் எவரும் மறைப்பதுமில்லை. ஞானிகள் மூவர் என்பதும், அவர்கள் அரசர்கள் என்பதும்கூட மத்தேயுவில் இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆட்களும் மூவராயினர்.

அப்படியானால் டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது? கைப்பேசிச் செய்தி உறுதியாகச் சொல்கிறது: சூரிய விழாவை அப்படியே எடுத்துக்கொண்டார்களாம். வரலாறு அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. உரோமப் பேரரசன் அவுரேலியன் 274இல் வெல்லப்படாத சூரியனுக்குக் கோயில் எடுத்தது உண்மை. ஆனால், டிசம்பர் 25 இயேசு பிறந்த நாள் என்ற குறிப்பும், அதே நாள் சூரியனுக்குரிய நாள் என்ற குறிப்பும், நமக்குத் தெளிவாகக் கிடைப்பது ஒரே தொகுப்பில்தான்: உரோமில் 354இல் தொகுக்கப்பட்ட நாட்காட்டி ஏட்டில். எது எதைப் பார்த்து வந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல இயலாது.

வேறொரு விளக்கமும் அறிஞரிடையே உண்டு. இயேசு இறந்த நாள் மார்ச்சு 25 என்று மேற்கத்திய கிறிஸ்தவர் சிலர் பழங்காலத்தில் கணித்தனர். அவர் கருவில் உருவானதும் அதே நாளில்தான் என்ற நம்பிக்கை அதனோடு சேர்ந்தது. மார்ச்சு 25இலிருந்து ஒன்பது மாதங்களை எண்ணிப் பாருங்கள். டிசம்பர் 25 வரும். இது கணக்கு, களவு அல்ல. ஆர்மீனியத் திருச்சபை இன்றளவும் ஜனவரி 6இல்தான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. உருசியத் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் அதன் டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7 ஆகிறது. தேதி வேதத்தில் இருந்திருந்தால் இந்த வேறுபாட்டுக்கு இடமேது? நாள் என்பது சபையின் ஏற்பாடு. நிகழ்ச்சியே வேதத்தின் செய்தி. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் “எல்லாம் பொய்” என்பது ஆய்வாகாது.

பெரிய வெள்ளி: நாழிகை முதற்கொண்டு வேதத்தில் உண்டு

இங்குதான் நம் அறியாமை வெளிப்படுகிறது. வேதத்தை அளவுகோலாகக் கொண்டால், கிறிஸ்தவத் திருநாள்களுள் முதலிடம் பெறுவது கிறிஸ்துமஸ் அன்று. பெரிய வெள்ளியும் உயிர்ப்பு ஞாயிறுமே ஆகும். நான்கு நற்செய்திகளும் இயேசுவின் பாடுகளைச் சொல்கின்றன, விரித்துச் சொல்கின்றன. மாற்கு நேரத்தையே குறிக்கிறார்: மூன்றாம் மணியில் சிலுவையில் அறைந்தனர், ஆறாம் மணியில் இருள் சூழ்ந்தது, ஒன்பதாம் மணியில் உயிர் பிரிந்தது. விடியலிலிருந்து எண்ணும் அக்கால வழக்கில் ஒன்பதாம் மணி என்பது நம் பிற்பகல் 3 மணி. பெரிய வெள்ளியன்று கோயில்களில் பிற்பகல் 3 மணிக்கு வழிபாடு நடப்பது இதனால்தான். அது ஓய்வுநாளுக்கு முந்திய நாள் என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கிறது. ஓய்வுநாள் சனி என்றால் முந்திய நாள் வெள்ளிதானே? உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதில் நால்வரும் ஒன்றுபடுகின்றனர்.

“அப்படியென்றால் ஆண்டுதோறும் தேதி ஏன் மாறுகிறது?” என்று சிலர் கேட்கின்றனர். தைப்பூசத் தேதி ஏன் மாறுகிறது? விசாகத் தேதி ஏன் மாறுகிறது? நிலவைப் பார்த்துக் கணிப்பதால் மாறுகிறது. இயேசு இறந்தது யூதரின் பாஸ்கா விழாக் காலத்தில்; பாஸ்கா முழுநிலவையொட்டி வருவது. எனவே மார்ச்சு 21இலோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு உயிர்ப்பு ஞாயிறு என்று கணிக்கின்றனர். ஆகவே அது மார்ச்சு 22க்கு முன் வராது. ஏப்ரல் 25க்குப் பின் போகாது. 2025இல் ஏப்ரல் 20. 2026இல் ஏப்ரல் 5. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த சமுதாயத்திற்கு இது புரியாத கணக்கா?

இனி, ‘ஈஸ்டர்’ என்ற சொல்லைப் பார்ப்போம். அது ஒரு பெண் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்ததென்று எழுதியவர் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி. எழுதிய ஆண்டு 725. அவர் சொன்னது சரியென்றே வைத்துக்கொண்டாலும், அது ஆங்கிலச் சொல்லின் வரலாறு. விழாவின் வரலாறு அன்று. இந்தோனேசியர் பாஸ்கா என்கின்றனர். போர்ச்சுகீசியர், பிரெஞ்சுக்காரர், கிரேக்கர் ஆகியோர் வழங்கும் பெயர்களும் பாஸ்காவிலிருந்து வந்தவையே. தமிழ்க் கிறிஸ்தவர் பாஸ்கா, உயிர்த்த ஞாயிறு, உயிர்ப்புப் பெருவிழா என்றெல்லாம் அழகாக வழங்குகின்றனர். ஆங்கிலப் பெயருக்கு எதிரான குற்றச்சாட்டைத் தமிழ்க் கிறிஸ்தவர்மேல் சுமத்துவது என்ன நியாயம்? ‘குட் ஃபிரைடே’ என்பதைச் சில ஆசிரியர்கள் ‘நல்ல வெள்ளி’ என்று மொழிபெயர்ப்பதையும் கேட்டிருக்கிறேன். அங்கே ‘குட்’ என்பதற்குப் புனிதம் என்பதே பொருள். நமக்குப் பெரிய வெள்ளி, புனித வெள்ளி என்ற சொற்கள் இருக்க, ‘நல்ல வெள்ளி’ எதற்கு?

வேதத்தில் பெயரே இல்லாதவர்களின் திருநாள்கள்

உயிர்ப்பு ஞாயிற்றிலிருந்து எண்ணி ஐம்பதாம் நாள் வரும் பெந்தெகொஸ்தே, வேதத்தில் பெயரோடு உள்ள விழா. தவக்காலத்தின் நாற்பது நாளுக்கு அடிப்படையான இயேசுவின் நாற்பது நாள் நோன்பு வேதத்தில் உண்டு. சாம்பல் புதன் என்ற நாள் இல்லை. நம் ரவாங்கிலுள்ள ஆலயம் பெயர் தாங்கும் புனித யூதா, திருத்தூதர் பட்டியலில் உள்ளவர். அவருக்குரிய அக்டோபர் 28 வேதத்தில் இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் ஜூலை மாதத்தில் தமிழரும் சீனரும் திரளாகக் கூடும் புனித அன்னாள் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். மரியாளின் தாயான அன்னாளின் பெயர் நற்செய்திகளில் எங்குமே இல்லை. பழைய மரபு நூல் ஒன்றிலிருந்து வந்த பெயர் அது. கத்தோலிக்கர் வேதத்தோடு மரபையும் ஏற்பவர், ஆகவே கொண்டாடுகின்றனர். சீர்திருத்தச் சபையார் வேதத்தை மட்டுமே ஏற்பதாகச் சொல்பவர், ஆகவே கொண்டாடுவதில்லை. இது அவர்கள் வீட்டு வழக்கு. தீர்ப்பளிக்க நம்மை யாரும் அழைக்கவில்லை.

வேதமே என்ன சொல்கிறது?

“கட்டளையிடப்படாத நாளைக் கொண்டாடுவது பாவம்” என்போருக்கு வேதமே விடை வைத்திருக்கிறது. மோசேயின் சட்டத்தில், லேவியர் நூல் 23ஆம் அதிகாரத்தில், விழாக்களின் பட்டியல் உண்டு. பூரிம் விழா அப்பட்டியலில் இல்லை. எஸ்தர் காலத்து மக்கள் தாம் தப்பிப் பிழைத்ததை நினைந்து தாமே ஏற்படுத்திக்கொண்டது. கோயில் அர்ப்பண விழாவும் அதில் இல்லை, கி.மு. 164இல் எருசலேம் கோயில் தூய்மை செய்யப்பட்டதை ஒட்டிப் பிறந்தது. யோவான் நற்செய்தி 10ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். அவ்விழா நாளில், குளிர்காலத்தில், இயேசு கோயில் மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்றிருக்கிறது. மோசே கட்டளையிடாத விழா நாளில் அவர் கோயிலைப் புறக்கணிக்கவுமில்லை, அவ்விழாவைக் கண்டிக்கவுமில்லை.

பவுல் அடிகள் கலாத்தியருக்கு எழுதும்போது, நாள்களையும் மாதங்களையும் பார்த்துக்கொண்டிருப்பதைக் கடிந்துகொள்கிறார் என்பது உண்மை. அதே பவுல், உரோமையருக்கு எழுதிய மடல் 14ஆம் அதிகாரத்தில், ஒரு நாளை உயர்வாகக் கருதுபவரும் எல்லா நாளையும் ஒன்றாகக் கருதுபவரும் தத்தம் மனத்தில் உறுதியோடு இருக்கட்டும் என்ற கருத்தை எழுதுகிறார். கொலோசையருக்கு எழுதியபோது, விழாவையும் ஓய்வுநாளையும் காட்டி எவரும் உங்களைத் தீர்ப்பிட விடாதீர்கள் என்கிறார். மூன்றையும் சேர்த்துப் படித்தால் தெளிவாவது என்ன? நாளைக் கட்டாயமாக்கவும் கூடாது. நாளைக் காட்டி இழிவுபடுத்தவும் கூடாது. கைப்பேசிச் செய்தியோ முதல் மடலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறது.

பண்டைத் திருச்சபையிலும் இப்பண்பைக் காண்கிறோம். பாஸ்காவை முழுநிலவு நாளிலேயே கொண்டாடுவதா, அடுத்த ஞாயிற்றில் கொண்டாடுவதா என்று இரண்டாம் நூற்றாண்டில் பூசல் எழுந்தது. சிமிர்னாவிலிருந்து முதியவர் பொலிக்கார்ப்பு உரோமுக்குச் சென்று அங்குள்ள ஆயர் அனிசேத்துவிடம் வாதாடினார். இருவரும் ஒத்துப்போகவில்லை, ஆயினும் ஒன்றாக வழிபட்டு அமைதியோடு பிரிந்தனர். அதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் 1647இல் நாடாளுமன்றமே கிறிஸ்துமசையும் ஈஸ்டரையும் நீக்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்சில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து சில்லிங் தண்டம். தடை செய்தவர்களும் வேதத்தைக் கையில் வைத்திருந்தவர்கள்தாம். இவ்விரு வழிகளுள் எது நம் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்கது?

வேதமே அளவுகோல் என்று இன்னும் பிடிவாதம் செய்வோரிடம் ஒன்று கேட்கிறேன். பத்துக் கட்டளைகளிலேயே இடம்பெற்ற நாள் ஓய்வுநாளாகிய சனிக்கிழமை. அதை இன்றும் கடைப்பிடிக்கும் ஏழாம் நாள் அட்வெந்து சபைப் பிள்ளைகள் நம் பள்ளிகளில் இருந்தால், சனிக்கிழமை விளையாட்டுப் போட்டிக்கும் முகாமுக்கும் வராததற்கு அவர்களை நாம் கடிந்துகொள்ளாமல் இருக்கிறோமா? “வேதத்தில் இல்லை” என்று ஒரு பிள்ளையை ஏளனம் செய்கிறோம். வேதத்தில் உள்ளதைச் செய்யும் பிள்ளையைத் தண்டிக்கிறோம். அப்படியானால் நம் சிக்கல் வேதத்தைப் பற்றியதே அன்று.

பள்ளியில் நாம் செய்ய வேண்டியது

மலேசியாவில் கிறிஸ்துமஸ் நாடு தழுவிய பொது விடுமுறை. பெரிய வெள்ளி சபா, சரவாக் மாநிலங்களில் மட்டுமே பொது விடுமுறை, தீபகற்பத்தில் இல்லை. அண்டை நாடான சிங்கப்பூரில் உண்டு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவிலும் உண்டு. வேதத்தில் தேதியில்லாத நாளுக்கு இங்கு விடுமுறை. நாழிகையோடு எழுதப்பட்ட நாளில் பள்ளி. விந்தையாக இல்லையா? நாட்டின் கிறிஸ்தவருள் பெரும்பாலோர் சபா, சரவாக்கில் வாழ்கின்றனர் என்பது காரணமாகலாம். ஆயினும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் ரவாங்கிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைக்கு அந்த வெள்ளி பெரிய வெள்ளி அல்லாமல் போய்விடுமா?

கோலாலம்பூரில் தைப்பூசத்திற்குப் பொது விடுமுறை கிடைத்தது 2008இல்தான். அதற்குமுன், விடுப்பு எடுத்துக்கொண்டு பத்துமலைக்குச் சென்ற தலைமுறை நம் தலைமுறை. திருநாளன்று வேலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய வருத்தம் இன்னதென்று நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டவர்களே அடுத்தவரைப் படுத்தலாமா?

பொது விடுமுறை அளிப்பது அரசின் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பவை சில. பெரிய வெள்ளியன்று தேர்வு, விளையாட்டு விழா, கூடுதல் வகுப்பு ஆகியவற்றை வைக்காதிருப்போம். நான் அறிந்த ஒரு பள்ளியில் அன்று பிற்பகல் கூடுதல் வகுப்பு வைத்தார்கள். வழிபாட்டுக்குச் சென்ற பிள்ளைகளின் பெயரைப் பிறகு சபைகூடலில் வாசித்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு போடுவதற்கும், நானூறு பேர் முன் பெயர் வாசிப்பதற்கும் வேறுபாடு உண்டு. பெற்றோரின் கடிதத்தோடு விடுப்பு எடுத்த பிள்ளையை மட்டம் போட்டவனாக நடத்தாதீர்கள். பள்ளியின் ஆண்டுத் திட்டம் வரையும்போதே அந்நாளைக் குறித்துவைத்தால் இச்சிக்கலே எழாது.

கிறிஸ்துமசைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கும்போதும் சற்றே சிந்தியுங்கள். பனிமனிதன், பஞ்சுப்பனி, சிவப்பு அங்கித் தாத்தா என்று எழுதிக் கொடுத்துவிட்டு, “இதுதான் கிறிஸ்தவர் பண்டிகை” என்கிறோம். ரவாங்கில் எங்கே பனி? அத்தாத்தாவின் மூலமான புனித நிக்கோலாசு, ஆசியா மைனரில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர். அவருடைய திருநாள் டிசம்பர் 6. வேதத்தில் இல்லாததை எல்லாம் நாமே கற்பித்துவிட்டுப் பிறகு நாமே “வேதத்தில் இல்லை” என்று நகைப்பது எவ்வளவு பெரிய முரண்! இடையர், தொட்டி, இடமில்லாத விடுதி, ஏழைத் தாய் என்று லூக்கா சொல்வதைக் கொண்டே எழுதச் சொல்லிப் பாருங்கள். நன்னெறிக் கல்விக்கு அதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

கிறிஸ்தவப் பெற்றோருக்கும் ஒரு சொல். பள்ளி மதிக்க வேண்டுமென்றால் முதலில் வீடு மதிக்க வேண்டும். விடுப்புக் கடிதத்தை ஒரு வாரம் முன்னரே கொடுங்கள். கோயிலுக்கென்று விடுப்பு எடுத்துவிட்டுப் பேரங்காடிக்கு அழைத்துச் செல்லாதீர்கள். “ஏன் கொண்டாடுகிறோம்?” என்று பிள்ளை கேட்டால் பலகாரத்தைக் காட்டாமல் வேதத்தைத் திறந்து காட்டுங்கள். தேதி அதில் இல்லையென்றால், இல்லையென்றே சொல்லுங்கள். உண்மையைக் கேட்டு எந்தப் பிள்ளையின் நம்பிக்கையும் கெட்டுவிடாது. உண்மையை வெளியாரிடமிருந்து ஏளனமாகக் கேட்கும் பிள்ளைக்குத்தான் மனம் உடையும்.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த முறை அச்செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அனுப்பியவரிடம் ஒன்று கேளுங்கள்: “எந்த நூல்? எந்த அதிகாரம்?” விடை வராது. விடை வராத ஒன்றை வகுப்பறைக்குள் கொண்டு செல்லாதீர்கள். மாற்றுக் கருத்துடையோர் எழுதுங்கள், விடையளிக்கிறேன். படித்துவிட்டு எழுதுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.